பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்



திருப்பதிக்குப் புதிதாகக் குடிவந்த நம் உறுப்பினர் ஒருவர், ஆம்ப்ளிஃபையர் வாங்க என்னைத் துணைக்கு அழைத்தார். கடையில் ஒரு பெட்டியின் மேல் ‘2000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. “சார், இதுவே போதும் இல்லையா?” என்றார். நான் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத் தகட்டைக் காட்டினேன். ‘230 வோல்ட், 60 வாட்’ என்றிருந்தது. 60 வாட் மின்சாரம் எடுக்கும் பெட்டி 2000 வாட்டை எங்கிருந்து தரும்?

பி.எம்.பி.ஓ. என்பது கண நேர உச்சத்தைக் கூட்டிச் சொல்லும் விற்பனைக் கணக்கு. பொதுவான அளவுமுறை அதற்குக் கிடையாது. நாம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். ரயில் இன்ஜின் மோட்டாருக்கு ஒரு மணி நேரத் திறன், தொடர் திறன் என இரண்டு எண்கள் உண்டு. ஆர்.எம்.எஸ். என்பது அந்தத் தொடர் திறன் மாதிரி.

இன்னொன்று. 20 வாட்டை 40 ஆக்கினால் ஒலி இரட்டிப்பாகாது. 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே வாட்டுக்காக அதிகம் செலவழிக்காமல், டெசிபெல் எண் கூடுதலாக உள்ள ஸ்பீக்கரை வாங்குவது லாபம். 87-க்குப் பதில் 90 டெசிபெல் ஸ்பீக்கர் என்றால், அதே ஒலிக்குப் பாதி வாட் போதும்.

அடுத்தது ஓம். இதில் என் கதையையே சொல்கிறேன். சித்தூர் வீட்டில் விடியற்காலையில் எம்.எஸ். அம்மா பாடிய சுப்ரபாதம் கேட்பது என் மனைவியின் வழக்கம். 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட பதிவு அது. சமையலறையிலும் கேட்கட்டும் என்று, இருந்த 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாக இணைத்தேன். இரண்டும் சேர்ந்தால் 4 ஓம். ‘8 ஓமுக்குக் குறையக்கூடாது’ என்று பின்பக்கம் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு மடங்கு கரண்ட் ஓடி, மூன்றாம் நாள் டிரான்சிஸ்டர் கருகிவிட்டது. டிப்ளமா படித்து, ரயில்வே மின்பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான்! பத்து நாள் வீட்டில் சுப்ரபாதம் இல்லை. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே ஆர்.எம்.எஸ். வாட், ஸ்பீக்கர் டெசிபெல், குறைந்தபட்ச ஓம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் தெலுங்கில் எவ்வளவு புகழ்ந்தாலும், தகட்டில் உள்ள எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.