கால் முதலில் நகரட்டும்

மனம் தெளிந்த பிறகு வெளியே போகலாம், நாலு பேரைப் பார்க்கலாம் என்றுதான் நாம் இருந்துவிடுகிறோம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் இந்த வரிசையை மாற்றச் சொல்கிறார்கள். சோர்ந்தவர் வீட்டுக்குள் முடங்குகிறார். முடங்கிக் கிடப்பதால் மனதுக்கு இதமான எதுவும் நடப்பதில்லை. அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை வெட்டச் சின்னச் செயல் ஒன்று போதும். மனம் பிறகு வந்து சேரும்.

மன்னாரில் இதைப் பேச வலுவான காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி போன்ற மன்னார்த் தீவு ஊர்களின் சனங்கள் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2011இல், இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்த 450 பேரை ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். 18.8 வீதமானோருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. வேலையில்லாதவர்கள், துணையை இழந்தவர்கள் அல்லது பிரிந்தவர்கள், சாப்பாட்டுக்கு உறுதியில்லாதவர்கள் ஆகியோரிடமே அது கூடுதலாகத் தெரிந்தது. பசிக்கும் வேலையின்மைக்கும் அரசும் சமூகமும்தான் பதில் சொல்ல வேண்டும். காலை நடை அவற்றைத் தீர்க்கும் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தனிமையும் வெறும் பொழுதும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை.

புதுப் பழக்கத்தை எங்கே தொடங்குவது? ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றின் பின்னால். லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. தினசரி வேலை ஒன்றை அடுத்து ஒரு சின்னப் பழக்கத்தைச் செய்யச் சொன்னார்கள். அது தானாக வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணித்தார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. இரண்டாம் வாரத்தில் கைவிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். நம் ஊர்களில் சுபஹுத் தொழுகை, காலைப் பூசை, விடியற்காலைத் தேத்தண்ணி என்று நாளுக்கு ஏற்கெனவே முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றோடு பத்து நிமிட நடையைச் சேர்த்துவிடுங்கள்.

நடக்க இடத்துக்கும் குறைவில்லை. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இருபுறமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடுவதை அங்கே பார்க்கலாம். பக்கத்திலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். உலகின் தூர இடங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் காட்சியை நாம் மோட்டார் சைக்கிளில் தலை திருப்பாமல் கடந்து போகிறோம். நடக்கும்போது கைபேசியைச் சட்டைப்பையிலேயே விட்டுவிடுங்கள். பறவைகளைப் பாருங்கள்.

சோளகக் காற்று பலத்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாட்களில்தான் ஆள் கூடுதலாக உள்ளே சுருங்குகிறார். அந்த நாட்களில் வலை பொத்தும் வேலையையாவது வாடியில் நாலு பேரோடு இருந்து செய்வது நல்லது. பிறருக்குக் கொடுப்பதும் அப்படித்தான், மனதுக்கு நல்லது. கனடாவில் நடந்து 2008இல் வெளியான பரிசோதனையில் சிலருக்கு 5 டொலர், சிலருக்கு 20 டொலர் கொடுத்தார்கள். பிறருக்குச் செலவழித்தவர்கள், தமக்கே செலவழித்தவர்களைவிட மாலையில் மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகையின் அளவு அதில் வித்தியாசம் காட்டவில்லை. கறிக்கு எடுத்த மீனில் ஒரு பங்கை அடுத்த வீட்டு ஆச்சியிடம் கொடுத்து, கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமின்றி இருந்தால் மட்டும் பழக்கங்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.