எயார் ரைபிள் வீட்டுக்கு வந்தால்...



கல்முனை, சம்மாந்துறை, சொறிக்கல்முனைப் பக்கத்து வட்டைகளில் நெல் பால்பிடிக்கத் தொடங்கினால் குருவிக் காவலும் தொடங்கிவிடும். தகரம் தட்டுவோம், வெருளி கட்டுவோம், கவண் எறிவோம். இப்போது வீடுகளில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: "ஒரு எயார் ரைபிள் வாங்கினால் என்ன?" பயிரழிக்கும் விலங்குகளை விரட்ட விவசாயிகளுக்கு எயார் ரைபிள் கொடுப்பது பற்றி அரசாங்க மட்டத்திலும் பேசப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் 5 நிமிட நேரம் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணியது உங்களுக்கு நினைவிருக்கும்.

எங்கள் வீட்டுக்கும் அனுமதிப்பத்திரத்தோடு புதிய ரைபிள் ஒன்று வந்தது. ஒரு போகம் முழுவதும் அதைப் பார்த்து அறிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். வாங்கும் முடிவை வீட்டு ஆண்கள் எடுக்கலாம். அது இருக்கும் வீட்டில் வாழ்வது நீங்களும் பிள்ளைகளும் அல்லவா?

காற்றுக்கு இத்தனை பலமா?

பழைய காற்றுத் துப்பாக்கியில் குழலை மடக்கினால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும். அது விடுபடும்போது தள்ளும் காற்றே குண்டை வெளியேற்றும். புதிய வகை அப்படியல்ல. அதில் சிறு சிலிண்டர் ஒன்று உண்டு. கார் டயரில் காற்றழுத்தம் 2 பார் அளவுதான். இந்தச் சிலிண்டரில் 200 பாருக்கும் மேல்! கைப்பம்பால் நிரப்பினால் வாலிபப் பிள்ளைக்கும் வியர்த்துக் கொட்டும்.

இதன் 5.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு ஏறத்தாழ ஒரு கிராம் நிறை. அது விநாடிக்கு 250 மீற்றர் வேகத்தில் போனால் அதன் சக்தி 30 ஜூலைத் தாண்டும். ஒலிம்பிக் போட்டியில் சுடும் எயார் ரைபிளின் சக்தி 8 ஜூல் அளவுதான். இந்தியாவில் 20 ஜூலுக்கு மேற்பட்டால் அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரித்தானியாவில் எல்லை ஏறத்தாழ 16 ஜூல், ஜெர்மனியில் ஏழரை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒஸ்திரியப் படையினர் காற்று ரைபிள் ஏந்தியே போருக்குப் போனார்கள். "காற்றுத்தானே" என்று இதை விளையாட்டுச் சாமானாக எண்ணிவிடாதீர்கள்.

எங்களுடையது நல்ல பாரம்; குறி தவறுவதில்லை. நாற்பது மீற்றரில் வைத்த தகரப் பேணியில் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறியது.

வயலைக் காத்ததா?

குருவிகள் நூறு நூறாக வந்து இறங்குகின்றன. ஒரு குண்டு ஒரு குருவியைத்தான் வீழ்த்தும். மற்றவை எழுந்து அடுத்த வரவையில் இறங்கி, சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடும். இந்த ரைபிளுக்குச் சத்தமும் குறைவு. சத்தமில்லாத ஆயுதம் குருவியை எப்படி விரட்டும்? பழைய தகரமே மேல் என்றாகிவிட்டது. வலை, காற்றில் மின்னும் நாடா, வட்டை முழுவதும் ஒரே காலத்தில் விதைத்தல் ஆகியவை குருவிச் சேதத்தைக் குறைக்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், பெயர் குறித்த சில இனங்கள் தவிர, பறவைகளைப் பாதுகாக்கின்றன. சுடுகலன் கட்டளைச் சட்டமோ 1916ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. காசு கொடுக்குமுன் பொலிஸ் நிலையத்திலும் மாவட்டச் செயலகத்திலும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அடுப்படிக்கு வரும் கேள்வி

மகன் ஒரு புறாவைச் சுட்டுக்கொண்டு வந்து, "உம்மா, ஆக்கித் தாங்க" என்கிறான். புறா செத்துக் கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?

அடிபட்டுச் செத்ததை ஸூரா அல்மாஇதாவின் 3ஆம் வசனம் ஹராமாக்கியுள்ளது. வேட்டை பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரழி) கேட்டபோது, கூர்முனை துளைத்ததை உண்ணலாம், அகலப் பக்கம் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். களிமண் உருண்டையால் அடிபட்டுச் செத்த வேட்டையையும் இப்னு உமர் (ரழி) அந்த வகையிலேயே சேர்த்தார்கள். இக்கால அறிஞர்களில் சிலர் துளைத்துச் செல்லும் துப்பாக்கிக் குண்டை அனுமதிக்கின்றனர். ஆனால் நமது ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள், உருண்டை மோதிச் செத்ததை ஹலாலாகக் கொள்வதில்லை. உயிரோடு பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால் ஐயமே இல்லை. செத்து வந்தால் சட்டி ஏற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஊர் மௌலவியிடம் கேளுங்கள்.

இன்னொன்று. குண்டு ஈயத்தால் ஆனது, ஈயம் நஞ்சு. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். குண்டுகளைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க விடாதீர்கள். குண்டுப் பேணி பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது.

வீட்டு ஒழுங்கு

விரலிடுக்கில் சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதையே நபியவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் காயப்படுத்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். சிறு கல்லுக்கே இப்படியென்றால் 30 ஜூல் குண்டுக்கு என்ன சொல்வது? உயிருள்ளதைக் கட்டி வைத்துக் குறிபார்ப்பதையும், ஒரு சகோதரனை நோக்கி ஆயுதம் நீட்டுவதையும், விளையாட்டுக்காயினும், அவர்கள் கண்டித்துள்ளார்கள்.

ஆகவே ரைபிள் வந்த அன்றே ஒழுங்கை நீங்கள் போடுங்கள். ரைபிள் ஒரு பெட்டியில், குண்டு வேறொரு பெட்டியில். இரண்டுக்கும் பூட்டு, திறப்பு பெரியவர் கையில். குண்டு ஏற்றிய ரைபிள் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. மரத்தை அண்ணாந்து சுடக் கூடாது. தவறிய குண்டு நூற்றுக்கணக்கான மீற்றர் போகும்.

அயலவரையும் நினையுங்கள். சொறிக்கல்முனை திருச்சிலுவைத் தேவாலயத்தால் பேர்பெற்ற தமிழ்க் கிராமம். அதைச் சூழ முஸ்லிம்களின் வயல்களும் உண்டு. யுத்தம் 2009இல் முடிந்தாலும், துப்பாக்கியோடு ஒருவர் வரம்பில் நடந்து வந்தால் இரு சமூகத்துத் தாய்மாரின் நெஞ்சும் இன்னும் திடுக்கிடும். உறையிலிட்டுக் கொண்டுபோவதும், பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்வதும் அயலவரின் ஹக்கு.

அம்பெய்யும் பயிற்சியை நமது மார்க்கம் புகழ்ந்திருக்கிறது. மலேசிய முஸ்லிம் சகோதரி நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக எயார் ரைபிள் போட்டியில் நின்றார். நமது நாட்டின் தெஹானி எகொடவெல 2021இல் தோக்கியோவில் போட்டியிட்டார். உங்கள் பிள்ளைக்குக் குறிபார்க்கும் ஆசை என்றால், பயிற்றுநர் முன்னிலையில், காகித இலக்கை நோக்கிப் பழகட்டும்.

பலம் அல்லாஹ் தந்த அமானிதம். அதை எங்கே வைப்பது, எதை நோக்கி நீட்டுவது என்று கேட்கும் உரிமை வீட்டுத் தலைவியாகிய உங்களுக்கு உண்டு. தயங்காமல் கேளுங்கள். நமது வயல்களில் பரக்கத்தையும் நமது பிள்ளைகளின் கண்களுக்குப் பாதுகாப்பையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.