டிராக்டர் டிரெய்லர்களைப் பழுதறப் பேணுதல்

விழுப்புரம், திண்டிவனம் பிரதேசங்களில் கரும்பும் நெல்லும் மணிலாக்கொட்டையும் வயலையும் களத்தையும் விட்டு வெளியேறுவது இப்பொழுது பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லர் மூலமாகவே என்பது யாவரும் அறிந்த விஷயம். மாட்டு வண்டி ஓட்டிய காலத்தில், குடியானவர் இருசுக்கு மையிடாமல் நெடுந்தூரம் புறப்பட்டதில்லை. கடையாணியைத் தொட்டுப் பாராமல் வண்டியில் ஏறியதுமில்லை. அவருடைய பேரன்மார் டிராக்டர் எஞ்சினுக்கு வேளை தவறாது எண்ணெய் மாற்றுகின்றனர். பின்னால் வரும் டிரெய்லரையோ, ஆயுத பூஜையன்று கழுவிச் சந்தனம் குங்குமம் இடுவதற்கு மேல் கவனிப்பாரில்லை. எஞ்சின் இல்லாத வண்டிக்குப் பழுது ஏது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் செல்லும் நெடுஞ்சாலையில், சென்னைக்கும் திருச்சிக்கும் விரையும் பேருந்துகளும் கார்களும் இரவிலும் ஓய்வதில்லை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிவரும் டிரெய்லர்களும் அதே சாலையில்தான் வந்து சேர வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் கரும்பு வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பின்தொடர்ந்தால், இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் விநாடிக்கு 22 மீட்டர் வீதம் குறைகின்றது. விளக்கில்லாத டிரெய்லர் 60 மீட்டர் தூரத்தில் கண்ணுக்குப் புலப்பட்டாலும், காரோட்டிக்குக் கிடைக்கும் அவகாசம் மூன்று விநாடிக்கும் குறைவே. 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அதே முண்டியம்பாக்கத்தில் இருப்பது நன்மையே. ஆனால் ஆலைக்குப் புறப்பட்டவர் அங்கே போய்ச் சேரலாகாது.

ஆகையால் டிரெய்லருக்குச் செய்யத்தக்க அபிவிருத்திகளுள் முதலாவது விளக்கே ஆகும். பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்டுவதற்கு அதிகச் செலவில்லை. எனினும் கரும்பு வண்டிக்கு இது மட்டும் போதாது. கழிகள் பின்னே நீண்டு, தோகை கீழே தொங்கி, விளக்கையும் பட்டையையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றன. இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. வண்டியின் அகலத்திற்குச் சரியான பலகையொன்றில் இரண்டு சிவப்பு விளக்குகளையும் பட்டைகளையும் பொருத்தி, நீண்ட ஒயருடன் வைத்துக்கொண்டு, பாரம் ஏற்றி முடிந்தபின் கரும்பின் கடைசி நுனியில் அதைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆலையில் பாரம் இறக்குமுன் அவிழ்த்துக்கொள்ளலாம். விளக்கு அடிக்கடி மங்கி எரிவதற்குப் பெரும்பாலும் காரணம், எர்த் இணைப்பைக் கொக்கியின் இரும்பை நம்பி விட்டுவிடுவதே. துருவும் கிரீஸும் படிந்த கொக்கி மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. டிராக்டரிலிருந்து தனியே ஓர் எர்த் ஒயர் இழுத்துவிட்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

அடுத்தது கொக்கியாணி. ஆணி தொலைந்துபோனால் கையில் அகப்பட்ட கட்டடக் கம்பித் துண்டைச் செருகிக்கொண்டு போகும் வழக்கம் மிகவும் கெட்டது. அக்கம்பி நாளடைவில் வளைந்து தேய்ந்து, மேட்டில் ஏறும்பொழுதே முறியும். அளவிற்கேற்ற உறுதியான எஃகு ஆணியும், அது மேலெழும்பாதபடி அடியில் பூட்டாணியும் இருத்தல் அவசியம். ஆணி முறிந்தாலும் வண்டி பிரிந்தோடாதவாறு, டிரெய்லரின் முன் நீட்டத்திற்கும் டிராக்டருக்கும் இடையே ஒரு கனத்த சங்கிலியைத் திரும்புவதற்கு வேண்டிய தளர்ச்சியுடன் பிணைத்து வைப்பது உத்தமம்.

சக்கரக் குடத்திலுள்ள பேரிங்குகளே அதிகம் புறக்கணிக்கப்படுவன. ஆண்டுக்கு ஒரு முறையேனும், அரைவைப் பருவத்திற்கு முன், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டமிருந்தாலும், சுழற்றும்பொழுது நறநறவென்று ஓசை கேட்டாலும், குடத்தைப் பிரிக்க வேண்டியதே. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உருளைகளின் இடுக்குகளில் புகும்படி புதுக் கிரீஸைக் கையால் அழுத்தி நிரப்புக. பின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுழற்சி கனத்தவுடன் ஆறிலொரு பங்கு சுற்று தளர்த்தி, புதிய ஸ்பிளிட் பின் செருக வேண்டும். பழைய பின்னையே நிமிர்த்திப் போடுவது வீண் சிக்கனம். பாரத்துடன் அரைமணி நேரம் ஓடியபின் குடத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கைவைக்க முடியாத சூடு இருக்குமாயின் இறுக்கம் மிகுதி, அல்லது கிரீஸ் போதவில்லை. சூடேறிய குடத்துடன் ஆற்றிலோ ஓடையிலோ இறங்குவதும் தகாது. குடம் சட்டென்று குளிருங்கால் உள்ளே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

பிரேக் விஷயத்தில் உண்மையை மறைப்பதில் பயனில்லை. ஊரில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றிற்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டரின் பிரேக்கே இரண்டையும் நிறுத்த வேண்டியிருக்கின்றது. இறக்கத்தில் பல டன் பாரம் பின்னின்று தள்ளுங்கால் டிராக்டர் பக்கவாட்டில் திரும்பி மடிந்துவிடும். புதிதாக டிரெய்லர் வாங்குவோர், விலை சற்று அதிகமாயினும் பிரேக் உள்ளதையே கேட்டு வாங்குதல் நலம். உழவில் தனித்தனியே மிதிக்கும் இரு பிரேக் மிதிகளையும், சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள மறத்தலாகாது. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி கவிழ்வதற்கு அதுவே போதும்.

பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டி அதிகப் பாரம் ஏற்றுவதைச் சிலர் அபிவிருத்தி என்று கருதுகின்றனர். அஃது அபிவிருத்தியன்று. டயரும் இருசும் பட்டைகளும் பழைய அளவிற்கே செய்யப்பட்டவை. பாரம் உயர உயர வளைவில் சாயும் அபாயமும் மிகும். இருசக்கர டிரெய்லரில் பாரத்தைப் பின்புறம் குவித்தால் கொக்கி மேலெழும்பி டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பிழக்கும். முன்புறம் குவித்தால் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இருசுக்குச் சற்றே முன்னதாகப் பாரம் அமைவது சரி.

டிப்பர் வகையில், தூக்கிய தொட்டியின் கீழ் முட்டுக்கொடுக்காமல் எவரும் நுழையலாகாது. உர மூட்டையோ எருவோ ஏற்றிய நாளில் தளத்தைக் கழுவிவிட வேண்டும். பொட்டாஷ் உரம் இரும்பை வெகு சீக்கிரம் அரித்துவிடும்.

டிரெய்லருக்கும் பதிவும் காப்பீடும் உண்டு என்பதையும், அதில் பயணிகளை ஏற்றுவது சட்டவிரோதம் என்பதையும் கிராம அதிகாரிகள் கல்யாண காலத்திலும் திருவிழாக் காலத்திலும் ஜனங்களுக்கு எடுத்துரைத்தல் நன்று. வெட்டு உத்தரவு வருமுன் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள டிரெய்லர்களை ஒரே இடத்தில் நிறுத்தி விளக்கையும் ஆணியையும் பார்வையிட ஏற்பாடு செய்யின், அது ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலையே.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபொழுது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் குடம் மூழ்க நின்ற டிரெய்லரின் கிரீஸ் பால்போல் வெளுத்திருக்கும். அதைப் பிரித்துக் கழுவாமல் பாரம் ஏற்றலாகாது. வேலையில்லாத மாதங்களில் வண்டியை மேட்டு நிலத்தில், இருசின் கீழ் கனத்த மரக்கட்டைகளைக் கொடுத்து, டயர்கள் பாரம் தாங்காதவாறு, கூரை நிழலில் நிறுத்தி வைப்பதே முறை.