நெடுவழியில் பழைய மகிழுந்து

நுழையும்முன்

பழம்பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காப்பது ஒரு முறை. அதைப் பயன்படுத்திக்கொண்டே காப்பது இன்னொரு முறை. முக்கால் நூற்றாண்டு கடந்த மகிழுந்துகளை ஓட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வோர் இரண்டாம் முறையைத் தேர்ந்தவர்கள். நெடுவழியில் அவ்வண்டி எவ்வாறு இயங்குகிறது, எதனால் நின்றுபோகிறது, வழியிலுள்ள ஊர்களிடம் அது எதை எதிர்பார்க்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி தம் மைந்தர் இருவருடன் மூன்று சக்கர ஊர்தியொன்றில் புறப்பட்டார். அவ்வூர்தியை உருவாக்கியவர் அவருடைய கணவர் கார்ல் பென்ஸ். கணவரிடம் சொல்லாமலேயே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவிலிருந்த தம் தாய்வீட்டுக்கு, ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு, அவர் வண்டியைச் செலுத்தினார். மகிழுந்தில் நிகழ்ந்த முதல் நெடும்பயணமாக வரலாறு இதைக் குறிக்கிறது.

அன்று எரிபொருள் நிலையம் என்று ஒன்று உலகில் இல்லை. வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் நீர்மத்தை வாங்கி அவர் வண்டிக்கு ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் அடைப்பை நீக்கினார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் தோல் வாங்கி அதன்மேல் பொருத்தச் செய்தார். மேட்டில் வண்டி ஏறாதபோது இறங்கித் தள்ள நேர்ந்தது. ஏற்றத்திற்கென இன்னொரு கியர் வேண்டும் என்று வீடு திரும்பியபின் கணவரிடம் அவர் கூறிய கருத்து, பின்னர் வண்டியின் அமைப்பிலேயே இடம்பெற்றது.

இந்நிகழ்வைத் துணிவின் கதையாகச் சொல்வதே வழக்கம். அதைவிட மேலான செய்தி ஒன்று இதனுள் இருக்கிறது. வழியில் உதவிய எவருக்கும் மகிழுந்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆயினும் தோலைப் பற்றியும் நீர்மத்தைப் பற்றியும் நன்றாகத் தெரியும். அவ்வறிவே வண்டியை ஊர் சேர்த்தது. அன்று வண்டி மிகப் புதியது என்பதால் அதைச் செப்பனிடத் தெரிந்தவர் வழியில் இல்லை. இன்று ஒரு பழைய வண்டி நெடுவழியில் இறங்கும்போதும் ஏறத்தாழ அதே நிலைதான். அது மிகப் பழையதாகிவிட்டதால் தெரிந்தவர் இல்லை.

பீகிங் முதல் பாரிஸ் வரை

1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பீகிங்கிலிருந்து பாரிஸ் வரை மகிழுந்தில் வரத் துணிந்தவர் உண்டா என்று 'லெ மாத்தன்' என்னும் பிரெஞ்சு நாளிதழ் கேட்டது. சூன் 10ஆம் நாள் பீகிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) புறப்பட்டவை ஐந்து வண்டிகளே. அவற்றுள் ஒன்று கோபி பாலைவனத்தில் எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்டது. இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேசே ஓட்டிவந்த இட்டாலா வண்டி ஆகஸ்டு 10ஆம் நாள் பாரிசை அடைந்தது. அடுத்த வண்டி வந்துசேர மேலும் இருபது நாள்கள் ஆயின.

போர்கேசேயின் வெற்றிக்கு விரைவைக் காட்டிலும் முன்னேற்பாடே காரணம். பீகிங்கை அடுத்த மலைவழியைப் புறப்படும் முன்பே குதிரையில் சென்று பார்த்துவந்தவர் அவர். வண்டியின் அகலத்திற்கு வெட்டிய மூங்கில் கழியைப் பாறைகளுக்கிடையே வைத்து அளந்தார். எரிபொருள் வழிநெடுக முன்கூட்டியே கொண்டுசேர்க்கப்பட்டிருந்தது. எந்திர வல்லுநர் எத்தோரே குயிசார்தியும் செய்தியாளர் லூயிஜி பர்சீனியும் உடன் வந்தனர்.

அத்தனை ஏற்பாட்டையும் மீறி, உருசிய மண்ணில் வண்டியின் மரச்சக்கரம் ஒன்று ஆரக்கால்கள் தளர்ந்து உடைந்துபோயிற்று. மாற்றுச் சக்கரம் இல்லை. அங்கிருந்த நாட்டுப்புறத் தச்சர் ஒருவர் கோடரி ஒன்றையே கருவியாகக் கொண்டு புதிய ஆரக்கால்களைச் செதுக்கிச் சக்கரத்தை மீட்டுத் தந்தார். தமிழ்நாட்டுக் கரிசல் ஊர்களில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்த ஆசாரிமாருக்கு இந்நிகழ்ச்சி வியப்பளித்திராது. ஆரக்காலைக் குடத்தில் இறுக்குவதும், இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டி நீரூற்றிச் சுருங்கவைப்பதும் அவர்களுக்கு அன்றாட வேலை. அந்த இட்டாலா வண்டி இன்று இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1997இல், அதே இரு நகரங்களுக்கிடையே பழைய வண்டிகளின் பயணம் ஒன்று நடைபெற்றது. இம்முறை வழி திபெத், நேபாளம், இந்தியா, பாகிஸ்தான், ஈரான் எனச் சென்றது. முதலிடம் பெற்றது பகட்டான வண்டி எதுவும் அன்று. 1942இல் போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப். அண்மையில், 2023இல், அகமதாபாத்தைச் சேர்ந்த குடும்பமொன்று 1950ஆம் ஆண்டின் எம்.ஜி. வண்டியில் இங்கிலாந்தின் ஆபிங்டன் வரை சென்று மீண்டும் இவ்வகைப் பயணத்தைப் பேசவைத்தது. அவ்வண்டி பிறந்த தொழிற்சாலை இருந்த ஊர் ஆபிங்டன். அத்தொழிற்சாலை 1980இலேயே மூடப்பட்டுவிட்டது.

மேலநீலிதநல்லூர்ச் சாலையில்

இனி, நமக்கு அருகிலுள்ள வழியொன்றை எடுத்துக்கொள்வோம். 1920களில் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' வகை மகிழுந்து ஒன்று சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிறது எனக் கொள்வோம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் விற்ற வகை அது. அதன் உச்ச விரைவே மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மணிக்கு 40, 45 கிலோமீட்டர் ஓட்டுவதே அதற்கு நலம். நாளொன்றுக்கு 150, 160 கிலோமீட்டர் என்றால் சென்னை திருநெல்வேலிப் பயணம் நான்கு நாள்களை எடுத்துக்கொள்ளும். நான்குவழிச் சாலையில் இவ்விரைவில் செல்வது பிறருக்கும் இடர். எனவே மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில் வழியாக வருவதே அறிவுடைமை. சங்கரன்கோவிலைக் கடந்தால் தென்காசி மாவட்டத்து மேலநீலிதநல்லூர். இருபுறமும் கரிசல் நிலம், ஆங்காங்கே காற்றாலைகள். திருநெல்வேலிக்கு இன்னும் ஒரு மணி நேரத்திற்கு மேலான ஓட்டம்.

கோடையில் இவ்விடத்தில் வண்டி நிற்க வாய்ப்பு மிகுதி. காரணம் வெப்பம். இன்றைய வண்டிகளில் எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரை ஒரு விசையேற்றி தள்ளிச் சுழலவைக்கிறது. 'டி' வகை வண்டியில் அத்தகைய விசையேற்றி இல்லை. சூடேறிய நீர் எடை குறைந்து தானே மேலெழுந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குச் செல்லும். அங்கே காற்றுப்பட்டுக் குளிர்ந்து கீழிறங்கி மீண்டும் எந்திரத்தை அடையும். உலைப்பானையில் நீர் தானே சுழல்வதைப் போன்ற எளிய ஏற்பாடு இது. ஆனால் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி அறுபட்டுவிடும். ரேடியேட்டரில் முக்காற்பங்கு நீர் இருக்கும்போதே எந்திரம் கொதிக்கத் தொடங்குவது இதனால்தான். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றினால் காய்ந்த வார்ப்பிரும்பு வெடித்துவிடும். வேப்பமரத்து நிழல் தேடி அரைமணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

வெப்பத்தின் இன்னொரு குறும்பு எரிபொருள் குழாயில் நிகழ்வது. எந்திரத்தின் அருகே செல்லும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழாக நின்றுகொள்ளும். தொட்டியில் எரிபொருள் நிறைய இருந்தும் கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் வராது. அம்பாசடர், பியட் வண்டிகளை ஓட்டிய ஓட்டுநர்கள் சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியதற்குக் காரணம் இதுவே. எந்த நூலிலும் படித்து அவர்கள் அதைச் செய்யவில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் சிக்கல் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றே இப்பகுதியில் காற்றாலைகள் பெருகக் காரணம். தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு அது வலப்பக்கத்திலிருந்து வீசும். உயரமான உடலும் ஒடுங்கிய டயர்களும் கொண்ட பழைய வண்டி அக்காற்றில் இடப்புறமாக ஒதுங்கிக்கொண்டே போகும். பேருந்து ஒன்று எதிரே கடக்கும் நொடியில் காற்று மறைந்து, மறுநொடியே திரும்ப அறையும். சுக்கானை இறுகப் பற்றியவரைவிட, அளவாகப் பற்றி முன்கூட்டி எதிர்பார்ப்பவரே இங்குச் சிறந்த ஓட்டுநர்.

தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கால வண்டிகள் பலவற்றில் தடைகள் பின்சக்கரங்களில் மட்டுமே இருந்தன. 'டி' வகையிலோ காலால் மிதிக்கும் தடை சக்கரத்தைப் பற்றாமல் கியர்ப்பெட்டிக்குள் இயங்கும் பட்டையைப் பற்றும். பின்னால் வரும் ஓட்டுநர் இதை அறியார். முன்னே போதிய இடைவெளி விட்டால், விட்ட இடத்தில் இன்னொரு வண்டி புகுந்துவிடுகிறது. நெடும்பயணம் போவோர் பின்னே துணை வண்டி ஒன்றை வரச்செய்வது இதற்காகவே; அதை ஆடம்பரம் எனக் கருதலாகாது.

எரிபொருளும் சட்டமும்

தொடக்க காலத்தில் பெட்ரோல் தகரங்களில் அடைத்து விற்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அதுவும் அரிதாகிவிடவே, டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலனைச் செய்து வழங்கியது. மரக்கரியை எரித்துப் பெற்ற வாயுவால் பேருந்துகள் ஓடின. இன்றைய சிக்கல் முற்றிலும் வேறானது. இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய இரப்பர்க் குழாய்களை இளக்கும். தொட்டியின் உட்புறத்தில் படிந்த துருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். எனவே பயணத்திற்கு முன்பே குழாய்களை மாற்றி, இடையில் வடிகட்டி பொருத்திக்கொள்ள வேண்டும். நாட்டின் எரிபொருள் கொள்கையைப் பழைய வண்டிகளுக்காக மாற்ற இயலாது. வண்டியைத்தான் அதற்குப் பழக்க வேண்டும்.

2021இல் இந்திய அரசு தொன்மை ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த, வணிகத்திற்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளுக்கு அது பொருந்தும். பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டம், உடல், எந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருத்தல் கூடாது. கண்காட்சி, ஆய்வு, பழைய ஊர்திகளின் அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காகச் சாலையில் செல்லலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இசைவில்லை. அழிந்துபோகாமல் காக்கும் விதி இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாள்தோறும் ஓடாத எந்திரத்தின் குணத்தை அறிந்துகொள்வதும் நாள்தோறும் அரிதாகிறது.

பட்டறையின் பங்கு

மேலநீலிதநல்லூர் அருகே நின்ற நம் வண்டிக்குத் திரும்புவோம். நீர் ஆறிவிட்டது, ஆனால் எந்திரத்தின் அடியிலிருந்து 'தட் தட்' எனும் ஒலி கேட்கிறது. எண்ணெய் குறைந்து தாங்கி தேய்ந்துவிட்டது. அவ்வகைத் தாங்கி கடையில் கிடைக்காது. கிடைக்கும் நாட்டிலிருந்து வரவழைத்தால் பல நாள்கள் ஆகும். நெடும்பயணத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் இடம் இதுதான்.

சங்கரன்கோவில் விசைத்தறிகள் நிறைந்த ஊர். தறிகளுக்கும் கிணற்று எந்திரங்களுக்கும் உறுப்புகள் செய்து பழகிய கடைசல் பட்டறைக்காரர், மகிழுந்து நூறாண்டுப் பழையது என்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேய்ந்த உறுப்பை அளந்து புதிதாகக் கடைந்து தருவது அவர் அறிந்த வேலை. தாங்கியோ அதனினும் நுட்பமானது. வெள்ளீயத்துடன் ஆன்டிமனியும் செம்பும் கலந்த மென்மையான உலோகத்தை உருக்கி வார்க்க வேண்டும். பட்டறைகளில் இதை 'ஒயிட் மெட்டல்' என்பர். பழைய பூச்சை உருக்கி நீக்கி, அடித்தகட்டைத் தூய்மையாக்கி, ஈயம் பூசி, அச்சுத்தண்டின் அளவுள்ள உருளையை நடுவில் நிறுத்தி, உருகிய உலோகத்தை இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஊற்றுகையில் கை நின்றால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். வெப்பம் போதுமா என்பதை அறிய, காய்ந்த குச்சியொன்றை உருகிய உலோகத்தில் தோய்த்து, அது கருகும் நிறத்தைப் பார்ப்பர்.

ஆறியபின் கடைசல் எந்திரத்தில் உட்புறத்தைக் கடைவர். அதன்பிறகே நீண்ட வேலை தொடங்குகிறது. அச்சுத்தண்டில் நீலச்சாயத்தை மெல்லத் தடவித் தாங்கியைப் பொருத்திச் சுழற்றிப் பார்த்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அவ்விடங்களைச் சுரண்டியால் இழைத்து, மீண்டும் சாயம் தடவி, மீண்டும் சுழற்றி, மீண்டும் இழைக்க வேண்டும். தாங்கியின் பரப்பு முழுவதும் நீலம் சீராகப் பரவும்வரை இது தொடரும். தேர்ந்த கைக்கும் பல மணிநேர வேலை. இதைக் கற்ற தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். இன்றைய எந்திரங்களில் தாங்கிகளைக் கழற்றி மாற்றினால் போதும் என்பதால், பட்டறைக்கு வரும் இளைஞருக்கு இதைக் கற்கும் தேவை எழுவதில்லை. பழைய வண்டி ஒன்று வழியில் நின்று, உரிமையாளர் கூலியைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கும் நாளில்தான், மூத்தவர் சுரண்டியைக் கையிலெடுக்கிறார். இளையவர் விளக்கை அருகே பிடித்துக்கொண்டு, நீலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்.