கழுத்து நெறியும் ஸ்கேன் இலக்கமும்

1977 கலவரத்துக்குப் பிறகு நம் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் ஏராளம். மலையில் இருந்தாலும் வன்னியில் இருந்தாலும் வெற்றிலை புகையிலைப் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அது பரவும்போது பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது கழுத்து நெறிகளுக்கு.

நெறி என்பது கிருமிகளை மறித்துப் பிடிக்கும் காவல்காரன். பல்லில் சீழ் வைத்தாலும் கழுத்தில் நெறி கட்டும். ஆகவே, நெறி கட்டிய உடனே புற்றுநோய் என்று பயந்துவிடக் கூடாது. புற்றுநோய் உள்ளவருக்கு அது சும்மா வீக்கமா, நோய் பரவியதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

ஒரே படத்தை ஒரு டொக்டர் "கொஞ்சம் பெரிசு" என்பார், இன்னொருவர் "சந்தேகம்" என்பார். வவுனியாவில் எழுதியதைத் தெல்லிப்பளையிலோ மகரகமையிலோ வேறொருவர் படிக்கும்போது குழப்பம் வரலாம். இதைக் குறைக்க 2021இல் ஐரோப்பிய நிபுணர்கள் 'நோட்-ராட்ஸ்' என்ற பொது முறையை வெளியிட்டார்கள். சீ.டி., எம்.ஆர்.ஐ. இரண்டு படங்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் நெறியின் அளவைப் பார்ப்பார்கள். பெரும்பாலான இடங்களில் குறுக்களவு 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது சாதாரண அளவு. அடுத்து, உள்ளே ஒரே சீராக இருக்கிறதா, அழிந்து போயிருக்கிறதா? ஓரம் வழவழப்பா, ஒழுங்கில்லாமலா? அவரை விதை வடிவமா, பந்து போல உருண்டையா? எல்லாவற்றையும் சேர்த்து 1 முதல் 5 வரை ஓர் இலக்கம் போடுவார்கள்.

1, 2 என்றால் நோய் பரவியிருக்கும் சந்தேகம் குறைவு. 3 என்றால் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். 4, 5 என்றால் சந்தேகம் அதிகம். நெறி சின்னதாக இருந்தாலும் உள்ளே அழிவு தெரிந்தால் இலக்கம் கூடும்.

இலக்கம் முடிவான தீர்ப்பு அல்ல. தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று பயந்து வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

நாங்கள் சொல்வது இதுதான்: ஆஸ்பத்திரி மாறும்போது பழைய படத்தையும் றிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். முன்னைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நெறி வளர்ந்ததா, சுருங்கியதா என்று தெரியும். "நெறி எப்படி இருக்கு டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். வாய்ப்புண்ணோ கழுத்துக் கட்டியோ மூன்று வாரத்துக்கு மேல் மாறாவிட்டால், ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள்.