"பரம்பரை நோய்" என்று விட்டுவிடலாமா? நீரிழிவு, மாரடைப்பு, பக்கவாதம் பற்றி மரபணு ஆய்வுகள் சொல்வது என்ன?

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கம் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருப்பவர்களிடம் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் கேட்கும். "இனிப்பு நீர் இருந்துச்சி. காலை எடுத்தாங்க. அப்புறம் கிட்னியும் போயிருச்சி." பக்கத்தில் இருப்பவர் தலையாட்டிவிட்டு, "அவங்க அப்பாவுக்கும் அப்படித்தானே? பரம்பரை. நம்ம என்ன செய்ய முடியும்?" என்று முடித்துவிடுவார்.

பரம்பரை என்பது உண்மைதான். ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் தவறு. கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் நடந்த மரபணு ஆய்வுகள் இந்த இரண்டையும் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அவற்றில் சில, தமிழர்களின் ரத்த மாதிரிகளைக் கொண்டே நடத்தப்பட்டவை.

நம் நாட்டு நிலைமை

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. அதாவது, மூன்று பேரில் ஒருவருக்குச் சற்றே குறைவு.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த 18.3 விழுக்காட்டில் 9.4 விழுக்காட்டினருக்குத்தான் தங்களுக்கு நோய் இருப்பது முன்பே தெரியும். மீதி 8.9 விழுக்காட்டினருக்கு அன்று ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போது நோயோடு நடமாடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டே நடமாடினார்கள்.

இருதய நோயிலும் தெற்காசிய வம்சாவளியினர் நிலைமை தனியானது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவர்களுக்கு அது ஏறக்குறைய 59 வயது. ஆறு ஆண்டுகள் முன்னதாக வருகிறது என்றால், பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும்போதே குடும்பத் தலைவர் படுத்துவிடுகிறார் என்று பொருள்.

மரபணு என்றால் என்ன, அது என்ன செய்கிறது?

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும், உடல் எப்படி இயங்க வேண்டும் என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. நான்கே எழுத்துகளால் ஆன அந்தக் குறிப்பில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உண்டு. அங்கங்கே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். அந்தச் சின்ன வேறுபாடுகள்தான் ஒருவருக்கு உயரத்தையும் இன்னொருவருக்குச் சுருட்டை முடியையும் தருகின்றன. கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கும், கொழுப்பு உடலில் எங்கே சேரும், ரத்த அழுத்தம் எளிதில் ஏறுமா என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

நீரிழிவுக்கு "இதுதான் அந்த மரபணு" என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. 2006ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு, இன்சுலின் சுரப்போடு தொடர்புடையது. அதன் தாக்கம் சென்னை மக்களிடமும் இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே உறுதிப்படுத்தினர். 2011இல், தெற்காசிய வம்சாவளியினரை மட்டுமே முதன்மையாக வைத்து நடந்த பெரிய ஆய்வில் மேலும் ஆறு இடங்கள் புதிதாகத் தெரியவந்தன. 2024இல் வெளிவந்த ஆய்வு, 25 லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி, நீரிழிவோடு தொடர்புள்ள 611 இடங்களைப் பட்டியலிட்டது. பக்கவாதத்துக்கு 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு 89 இடங்களைக் காட்டியது.

இத்தனை இடங்கள் என்பதன் பொருள் என்ன? ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறது. சிலருக்கு அது அதிகமாகச் சேர்ந்திருக்கும், சிலருக்குக் குறைவாக. எவருக்கும் "நீ நோயாளிதான்" என்று தீர்ப்பு எழுதி வைக்கப்படவில்லை.

மதுரையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு

தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு, இருதயத் தசை சுருங்க உதவும் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைப் பற்றி எழுதியது. தெற்காசிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் இந்தக் குறை இருந்தது. இந்தியாவுக்கு வெளியே இலங்கை, மலேசியா போன்ற நாடுகளிலும் அது காணப்பட்டது. நடுவயதைத் தாண்டிய பிறகு இருதயத் தசை பலவீனமாகும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

இதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. இந்தக் குறையோடு நலமாக வாழ்ந்து முதுமை அடைபவர்கள் ஏராளம். உடன் வேறு மரபணு மாற்றமும் சேரும்போதுதான் ஆபத்து அதிகமாகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. நம் மக்களைப் பற்றிய உண்மை தெரிய வேண்டுமானால் நம் மக்களின் மாதிரிகளைத்தான் ஆராய வேண்டும் என்பதே இதில் முக்கியம். ஐரோப்பியர்களின் ரத்தத்தை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அந்த இடைவெளி இன்னும் பெரிதாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இத்தகைய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துத் தயாரித்த ஆபத்துக் கணக்கு, மற்ற இனத்தவர்களுக்கு அவ்வளவு சரியாகப் பொருந்துவதில்லை. இணையத்தில் எச்சில் மாதிரியை அனுப்பினால் "உங்களுக்கு நோய் வருமா" என்று சொல்வதாக விற்கப்படும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டுமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள் நம் வட்டாரத்திலும் நடக்கின்றன. யுகேஎம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூறு உயிரியல் கழகம், பேராசிரியர் ரஹ்மான் ஜமாலின் தலைமையில், 2006 முதல் 2012 வரை 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 106,527 மலேசியர்களைத் திரட்டியது. மூவினத்தவரும் அதில் உண்டு. அவர்களின் ரத்த மாதிரிகள் பாதுகாக்கப்பட்டு, யாருக்கு எந்த நோய் வருகிறது என்று தொடர்ந்து கவனிக்கப்படுகிறது. சேர்ந்தபோதே அவர்களில் 16.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 46.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருந்தன. சிங்கப்பூரில் 2019இல் வெளியான மரபணுத் தொகுப்பில் 1,127 இந்தியர்கள் இடம்பெற்றனர்.

மரபணு மாறவில்லை, வாழ்க்கை மாறியது

சென்னையில் 1989இல் பெரியவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2004இல் அது 14.3 விழுக்காடு. பதினைந்து ஆண்டுகளில் ஓர் ஊரின் மரபணு மாறிவிடாது. மாறியது அங்குள்ளவர்களின் சாப்பாடும் வேலையும் நடையும்தான்.

மலாக்காவின் தோட்டங்களிலும் அதே கதைதான். தாத்தா பாட்டி காலத்தில், இருட்டோடு எழுந்து பால்மரக் காட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார்கள். சாப்பிட்ட சோற்றை உடல் அன்றே செலவழித்தது. அவர்களுக்கு நோயே இல்லை என்று சொல்ல முடியாது. கருவாட்டு உப்பும் மதுவும் அவர்களையும் வாட்டின, பரிசோதித்துப் பார்த்தவர்களும் குறைவு. ஆனால், உடலுக்கு உழைப்பு இருந்தது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பலர் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்தார்கள். பேரப்பிள்ளைகள் ஆயர் குரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள்தான். காலையில் ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மீண்டும் ஒரு சாப்பாடு. தாத்தாவின் மரபணு அப்படியே இருக்கிறது. அதைக் கட்டிவைத்திருந்த உழைப்புதான் போய்விட்டது.

மாற்ற முடியும் என்பதற்கும் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. உணவைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எல்லாரும் இந்தியர்கள், நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள். பரம்பரையை யாரும் மாற்றவில்லை, ஆனால் விளைவு மாறியது.

குடும்பக் கதையே இலவசப் பரிசோதனை

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கின்படி, பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. இருவருக்கும் இருந்தால் 70 விழுக்காடு வரை போகலாம். இதைத் தெரிந்துகொள்ள எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. ஒரு தாள் போதும்.

அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள், பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று எழுதி, யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று குறித்துக்கொள்ளலாம். வயதுதான் முக்கியம். 75 வயதில் வந்த மாரடைப்பும் 45 வயதில் வந்த மாரடைப்பும் ஒன்றல்ல. குடும்பத்தில் ஓர் ஆண் 55 வயதுக்கு முன்பே மாரடைப்பால் பாதிக்கப்பட்டிருந்தால், பிள்ளைகளின் கொழுப்புச் சத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிறவியிலேயே கொழுப்பை ஏற்றும் ஒரு மரபணுக் கோளாறு உண்டு. அது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இளம் வயதிலேயே கண்டுபிடித்தால் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம்.

அந்தத் தாளோடு அரசாங்க கிளினிக்குக்குப் போய்க் கேட்க வேண்டியவை:

• வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை: 6.1 முதல் 6.9 வரை எச்சரிக்கை நிலை. 7.0உம் அதற்கு மேலும் நீரிழிவு.

• மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி: மலேசியாவில் 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவாகக் கருதப்படுகிறது.

• ரத்த அழுத்தம்: 140/90க்கு மேல் தொடர்ந்து இருந்தால் பக்கவாதத்துக்கு அதுவே முதல் காரணம்.

• இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். நம்மவர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால் எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

குடும்பத்தில் நோய் இருந்தால் 40 வயது வரை காத்திருக்க வேண்டாம். 30 வயதிலேயே பார்த்துவிடுவது நல்லது. 40 வயதைத் தாண்டி, அரசாங்க உதவித் தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு 'பெக்கா பி40' திட்டத்தின் கீழ், பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் இலவசப் பரிசோதனை உண்டு. கணவன் மனைவி இருவரும் செய்துகொள்ளலாம்.

பக்கவாதத்தில் நேரம்தான் மருந்து. முகம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சுக் குழறுவது என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டோ விடியட்டும் என்றோ இருக்காமல் உடனே 999 அழைக்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

அடுத்த முறை துக்க வீட்டில் யாராவது "பரம்பரை" என்று பெருமூச்சு விட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "அய்யா, நீ ரத்தம் பார்த்துட்டியா?" அப்பாவிடமிருந்து வந்தது என்று தெரிந்த நோய், முன்கூட்டியே தெரிந்த நோய். அதைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.