வெக்கையை ஏன் பொறுத்திருக்க வேண்டும்?

சகோதரிகளே! நீங்கள் அடுப்படியிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு வெக்கை கிளம்பி முகம்வரை பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் வந்தால் தூக்கமும் போய்விடுகிறது. 50 வயதை அண்மிக்கும் பெண்கள் பலர், "வயசு போனா அப்படித்தான்" என்று இதை யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடலில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் குறைகிறது. அப்போது உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப் பகுதி, சிறு மாற்றத்தையும் பெருஞ் சூடாக எடுத்துக்கொள்கிறது. இது சிலருக்கு ஏழு வருடங்களுக்கு மேலும் நீடிக்கலாம்.

தொல்லை இலேசானதென்றால் பர்தாவினுள் பருத்தி ஆடை அணியுங்கள். சூடான தேநீர், கோப்பி, உறைப்பு ஆகியவற்றில் எது வெக்கையைத் தூண்டுகிறதெனக் கவனித்துக் குறையுங்கள். உடற்பருமன் இருப்பின் அதைக் குறைப்பதும் உதவும்.

கடுமையானதென்றால் ஹோர்மோன் சிகிச்சையே கூடிய பலன் தருவது. 2002இல் அமெரிக்க ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி பற்றி எச்சரித்ததும் பலர் இதைக் கைவிட்டனர். ஆனால் 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடங்கள் கடக்காத ஆரோக்கியமான பெண்கள் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் எனப் பின்னர் தெளிவாகியது.

ஆயினும் பக்கத்து வீட்டு ராத்தாவின் குளிசையை வாங்கிக் குடிக்காதீர்கள்! கருப்பை அகற்றப்பட்டவருக்கு ஈஸ்ட்ரஜன் மாத்திரம் போதும். கருப்பை உள்ளவர் அதை மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் வரக்கூடும். அவருக்கு புரொஜெஸ்டரோன் வகை மருந்தும் வேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம், கடும் ஈரல் நோய் வந்தவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு வென்லபக்சின், கபபென்டின் போன்ற ஹோர்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. அவற்றையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மூலிகைக் குளிசைகளின் பலன் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

இன்னொன்றை மறவாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் சிறிதளவேனும் இரத்தம் பட்டால், தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள்.

செல்லும்போது கடைசியாக மாதவிடாய் வந்த நாள், முன்பு வந்த நோய்கள், இப்போது குடிக்கும் மருந்துகள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் எதுவுமில்லை. குடும்பத்தில் எல்லோருடைய சுகத்தையும் கவனிக்கும் நீங்கள், உங்கள் தூக்கத்தையும் கவனியுங்கள்.